மழைக்காலத்தில் மலேசியாவின் கிழக்குக் கரையில் அலைச்சறுக்கு கற்கலாமா?

செம்பனை ஆலை | ரெங்கம், ஜொகூர் | நவம்பர் 21

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவன். நான்கு ஆண்டுகளாக ரெங்கத்துக்கு அருகிலுள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகுவார்கள். என் தாயார் என்னைக் கிணற்றுமேட்டுப் பக்கமே விட்டதில்லை. அதனால் முப்பத்திரண்டு வயது வரை எனக்கு நீச்சல் தெரியாது. சென்ற ஆண்டுதான் குளுவாங்கில் உள்ள ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து, வார இறுதிகளில் விடாமல் சென்று கற்றுக்கொண்டேன். இப்போது நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிகிறது.

என்னுடன் பணிபுரியும் கிளந்தான்காரர் ஒருவர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரைக்குச் சென்று அலைச்சறுக்கு (பலகைமேல் நின்று அலையில் சறுக்கி வருவது) ஆடுபவர். இந்த டிசம்பரில் என்னையும் அழைத்திருக்கிறார். போக வேண்டும் என்ற ஆசை எனக்கு மிகுதியாகவே இருக்கிறது. ஆனால் பயணச் செலவையும் விடுப்பையும்விட இரண்டு விஷயங்கள் என்னைத் தயங்க வைக்கின்றன. ஆண்டு முழுவதும் அமைதியாகக் கிடக்கும் கடலை விட்டுவிட்டு, எல்லோரும் அஞ்சும் மழைக்காலத்தில் போய் ஏன் கற்க வேண்டும் என்பது முதலாவது. எங்கள் குடியிருப்பு வரிசையில் இருக்கும் இரண்டு பையன்கள், இடைநிலைப்பள்ளியில் ஒருவன் படிவம் நான்கு, மற்றவன் படிவம் ஐந்து, தங்களையும் அழைத்துச் செல்லுமாறு நாள்தோறும் கேட்கிறார்கள் என்பது இரண்டாவது. அவர்களுக்குத் தோட்டத்து ஆற்றில் ஆடிய பழக்கம் மட்டுமே உண்டு. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குவாந்தான் அலை | பகாங் | நவம்பர் 21

வணக்கம் ஐயா. பதினோரு மழைக்காலங்களாக அலைச்சறுக்கு ஆடிவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தங்களுடைய முதல் கேள்விக்கு விடை காற்றில் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது தமிழகத்தில் நாம் வாடை என்று சொல்லும் அதே காற்று, தென்சீனக் கடலின் மேல் நாள்கணக்கில் திசை மாறாமல் வீசுகிறது. தடையில்லாத நெடுந்தூர நீர்ப்பரப்பின் மீது காற்று இவ்வாறு இழுத்துக்கொண்டே வரும்போதுதான், கரையில் பலகையைத் தள்ளக்கூடிய அளவுக்கு அலை திரள்கிறது. மேற்குக் கரைக்கோ சுமத்ரா தீவு ஒரு மதில்போல் குறுக்கே நிற்கிறது. போர்ட்டிக்சனில் குளித்துப் பழகியவர்கள் கடல் என்றால் சலசலக்கும் ஏரி என்று எண்ணுவதற்கு அதுவே காரணம். கிழக்குக் கரையிலும் மே முதல் செப்டம்பர் வரை நீர் பெரும்பாலும் தட்டையாகவே கிடக்கும். ஆகவே மலேசியத் தீபகற்பத்தில் அலைச்சறுக்குக்கு மழைக்காலத்தை விட்டால் வேறு பருவம் இல்லை.

இங்கு எழும் அலை பாலித் தீவின் அலையைப் போன்றதல்ல. பாலிக்கு வரும் அலைகள் தெற்கே வெகு தொலைவில் உண்டான புயல்களிலிருந்து புறப்பட்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 12 முதல் 16 விநாடி வரை இடைவெளி விட்டு, ஆற்றல் குறையாமல் வந்து சேர்பவை. நம்முடைய அலைகள் அருகிலேயே காற்றால் பிறந்தவை. இடைவெளி பெரும்பாலும் 6 முதல் 9 விநாடிதான். ஒவ்வோர் அலையின் தள்ளும் ஆற்றலும் குறைவு என்பது கற்பவருக்கு நன்மை. ஒன்றைக் கடந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து விடும் என்பது தொல்லை.

செராத்திங் ஒரு வளைந்த குடாவாக இருப்பதாலும், அதன் முனை காற்றின் வேகத்தை ஓரளவு தாங்கிக்கொள்வதாலும், முதல் முறை இறங்குபவர்களுக்கு ஏற்ற இடம் என்று உறுதியாகச் சொல்வேன். ஜொகூரின் டெசாரு கடற்கரை உங்கள் ஊரிலிருந்து மிக அருகில் இருந்தாலும், திறந்த நெடுங்கரையாக இருப்பதால் அலை கரையை ஒட்டியே செங்குத்தாக விழும் நாள்கள் உண்டு. முதல் பாடத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரெங்கம் ஆசிரியை | நவம்பர் 22

மேலே எழுதிய இருவருடைய பதிவுகளையும் முழுமையாகப் படித்த பிறகே எழுதுகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், மூன்றாம் ஆண்டு வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தவன், பள்ளி விடுமுறையில் ஆலைக்குப் பின்னால் இருந்த குட்டையில் மூழ்கி இறந்தான். அந்தக் குட்டை ஒரு வகுப்பறை அளவுதான் இருக்கும். அவனுடைய கையெழுத்துப் புத்தகத்தை அவன் தாயாரிடம் திருப்பிக் கொடுக்க நான்தான் சென்றேன்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் நீச்சல் கற்றுத் தந்ததில்லை. ஆற்றில் குதிப்பார்கள், கரை அருகே கையைக் காலை அடிப்பார்கள். அதையே நீச்சல் என்று அவர்களும் நம்புகிறார்கள், பெற்றோரும் நம்புகிறார்கள். பெற்றோர் இருவரும் விடியும் முன் வேலைக்காட்டுக்குப் போய்விடும் வீட்டில் இதைச் சரிபார்க்க ஆளும் இல்லை. இந்த நிலையில் உள்ள பிள்ளைகளைச் சிவப்புக் கொடி பறக்கும் பருவத்தில் கிழக்குக் கடலுக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்பதையே என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தம்பி, தாங்கள் பெரியவர். தங்கள் உயிரைப் பற்றித் தாங்களே முடிவு செய்யலாம். அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி முடிவு செய்யும் உரிமை தங்களுக்குக் கிடையாது.

குவாந்தான் அலை | நவம்பர் 22

ஆசிரியை அவர்களின் கருத்தை நான் மதிக்கிறேன். பையன்களைப் பொறுத்தவரை அவர் சொல்வதே சரி. நான் என் பதிவில் அவர்களைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டது தவறு.

எனினும் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். சிவப்புக் கொடி ஏற்றப்பட்ட கடலில் பயிற்றுநர் எவரும் மாணவரை இறக்குவதில்லை. மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்றுக்கும் கொந்தளிப்பான கடலுக்கும் படிநிலை வைத்து எச்சரிக்கை விடுக்கிறது. முதல் படிநிலையிலேயே காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தையும், அலை 3.5 மீட்டர் உயரத்தையும் எட்டலாம் என்பது பொருள். முதல் முறை கற்பவருக்கு வேண்டியதோ இடுப்பளவு நீரில், ஏற்கெனவே உடைந்து நுரையாகக் கரையை நோக்கி உருண்டு வரும் முழங்கால் உயர அலை. அத்தகைய நாள்கள் மழைக்காலத்துக்குள்ளேயே காற்று தணியும் இடைவெளிகளில் வருகின்றன. அவற்றுக்காகக் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர் இந்த விளையாட்டின் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

நெய்தல் | பாசிர் கூடாங் | நவம்பர் 23

நான் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் குடும்பத்தில் பிறந்து, இப்போது ஜொகூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பற்றவைப்பு வேலை செய்பவன். என் பாட்டனார் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். திரும்பி வரும்போது, கரைக்குச் சற்று வெளியே மரத்தை நிறுத்தி, வரும் அலைகளை எண்ணி, பெரிய அலைகள் கடந்த பிறகு எழும் ஓர் அலையைத் தேர்ந்து, அதன் முதுகில் ஏறிக் கரைக்கு வந்து விழுவார். பலகையில் நின்று ஆடுவதை உலகுக்குத் தந்தவர்கள் ஹவாய்த் தீவினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அலையைத் தேர்ந்து அதன் மேல் வருவது நம் கரையில் விளையாட்டாக இல்லாமல் பிழைப்பாக இருந்தது.

அதனால் ஆசிரியை அம்மாவின் அச்சத்தையும் அலை ஐயாவின் ஆர்வத்தையும் நான் எதிரெதிராகப் பார்க்கவில்லை. கடலை அறிந்தவன்தான் கடலுக்கு அதிகம் அஞ்சுவான். 2024ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அன்று புயல் இல்லை. எங்கோ தெற்குப் பெருங்கடலில் பிறந்த நெடிய அலை சொல்லாமல் வந்து கரையேறியது. அதை நாங்கள் கள்ளக்கடல் என்போம். கரையில் நின்று படம் எடுப்பதற்கும் கடலைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த நாள் எங்களுக்குக் காட்டியது.

முதல் முறை செல்லும் தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான். பலகையைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். அலை கரைக்குக் கொண்டு வந்து கொட்டும் நீர் ஏதோ ஒரு வழியில் திரும்பிப் போயாக வேண்டும். அது மணல் மேடுகளுக்கு இடையே உள்ள ஆழமான பள்ளத்தைத் தேர்ந்து, ஆறுபோல் கடலுக்குள் ஓடும். இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, அமைதியாக, நுரையில்லாமல் இருந்தால் அதுவே இழுவை. அறியாதவர்கள் அலை இல்லாத இடம் என்று எண்ணி அங்கேதான் பிள்ளைகளை இறக்குவார்கள். அதன் வேகம் சில வேளைகளில் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். பந்தய நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்திக் கரை சேர இயலாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்துப் போராடாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இயன்றால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கத்தை நோக்கி நகர வேண்டும். பலகை கையில் இருந்தால் எந்த நிலையிலும் அதை விடக் கூடாது.

பால்மரம் | பாலோ | நவம்பர் 23

லாரி ஓட்டுநன் என்பதால் சாலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குளுவாங்கிலிருந்து காஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் செல்லும் சாலையில் இரவில் யானை குறுக்கே வருவது உண்டு. மழை வலுத்தால் தாழ்வான இடங்களில் நீர் ஏறிவிடும். 2006 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. விடிந்த பிறகு புறப்பட்டு, மெர்சிங்கில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, எண்டாவ், ரொம்பின், பெக்கான் வழியாகக் கடலோரமாகவே சென்றால் மாலைக்குள் செராத்திங் போய்ச் சேரலாம். திரும்பும்போது உடல் களைத்திருக்கும். இருவர் மாறி மாறி ஓட்டுங்கள்.

லாயாங் அக்கா | லாயாங் லாயாங், ஜொகூர் | நவம்பர் 25

நாற்பத்தொரு வயதில் முதல் முறையாகப் பலகையில் படுத்தவள் நான். கணவரின் வேலை காரணமாக இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தபோது, அங்கே ஒரு கடற்கரைக் கடையில் பயிற்றுநர் இல்லாமல் பலகையை மட்டும் வாடகைக்கு எடுத்தேன். கற்பவள் என்று சொல்லியும், மேற்பரப்பு கண்ணாடி இழையால் ஆன கெட்டியான குட்டைப் பலகையைக் கொடுத்தார்கள். எது சரியான பலகை என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டாவது அலையிலேயே பலகை திரும்பி விலா எலும்பில் இடித்து, ஆறு வாரம் இருமினாலும் வலித்தது. அதனால் பலகையைப் பற்றி நான் எழுதுவதைத் தம்பி கவனமாகப் படிக்க வேண்டும்.

முதல் முறைக்கு 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேற்பரப்பு மென்மையான ஃபோம் பலகைதான் வேண்டும். அகலமும் தடிப்பும் கூடுதலாக இருந்தால்தான் அது நம் எடையைத் தாங்கி, மெல்லிய அலையிலும் நகரும். அடியில் உள்ள, மீன் துடுப்பு போன்ற தகடுகள் வளையும் நெகிழியால் ஆனவையா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு ஏறத்தாழப் பலகை அளவு நீளம் இருக்க வேண்டும். அதைப் பின்னால் நிற்கும் காலின் கணுக்காலில் கட்ட வேண்டும். அந்தக் கயிற்றை நல்லவர்களும் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், இந்தோனேசியாவின் அரிப் நூர்ஹிதாயாத்துக்குக் கயிறு அறுந்து பலகை போய்விட்டது. அலை அவரை அடித்துக்கொண்டு போனதைக் கண்ட பிலிப்பீன்ஸ் வீரர் ரோஜர் கசுகாய், தம் ஆட்டத்தைக் கைவிட்டுத் திரும்பிச் சென்று அவரைக் காப்பாற்றினார். பின்னர் அதே போட்டியில் தங்கமும் வென்றார். அரிப் தேர்ந்த வீரர். நமக்குக் கயிறு அறுந்தால் இடுப்பளவு நீரில் நிற்கிறோம் என்பது மட்டுமே பாதுகாப்பு. ஆகவே முதல் நாளில் இடுப்பளவைத் தாண்டக் கூடாது.

விழுவதற்கும் முறை உண்டு. தலைகீழாகப் பாயாமல், முதுகோ பக்கவாட்டோ படும்படி தட்டையாக விழ வேண்டும். நீருக்கு மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும். நமக்கும் வரும் அலைக்கும் நடுவில் பலகை குறுக்கே கிடக்கும்படி ஒருபோதும் நிற்கக் கூடாது.

உடையைப் பற்றிப் பெண்கள் சிலர் எனக்குத் தனிமடலில் கேட்டிருந்தார்கள். நம் கடல் நீர் மழைக்காலத்திலும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் குளிர் தாங்கும் தடித்த உடை தேவையில்லை. முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை இறுக்கமான காற்சட்டையும் போதும். வெயில், பலகையின் உராய்வு, சொறிமீன் ஆகிய மூன்றுக்கும் அதுவே காப்பு. செராத்திங்கில் மலாய்ப் பெண்கள் முக்காடோடு அலையில் நிற்பதைக் காணலாம். உடையை எண்ணி யாரும் தயங்க வேண்டியதில்லை.

செம்பனை ஆலை | ரெங்கம் | நவம்பர் 27

எல்லோருடைய பதிவுகளையும் அச்சிட்டு, ஆலைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்துப் படித்தேன். ஆசிரியை அம்மா எழுதியதை மூன்று முறை படித்தேன். நேற்று மாலை அந்த இரு பையன்களையும் பெற்றோர் முன்னிலையில் சந்தித்து, இந்த முறை அழைத்துச் செல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இளையவன் ஒன்றும் பேசவில்லை. மூத்தவன், "நீந்தத் தெரிந்தால் அழைத்துப் போவீர்களா அண்ணா?" என்று கேட்டான். அவனுடைய தந்தை என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அங்கே நான் விடை சொல்லவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நண்பருடன் புறப்படுகிறேன்.

செம்பனை ஆலை | ரெங்கம் | டிசம்பர் 15

நேற்று இரவு திரும்பினேன். நடந்ததை விரிவாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை செராத்திங் சென்றடைந்தோம். சனிக்கிழமை காலையில் எழுந்தபோது கரையில் சிவப்புக் கொடி பறந்தது. முன்பதிவு செய்திருந்த பயிற்றுநர், ஐம்பது வயதைக் கடந்த மலாய்க்காரர், எங்களைப் பார்த்ததும் தலையை அசைத்து இன்று கிடையாது என்றார். ஆறு மணி நேரம் பயணம் செய்து, மூன்று நாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறோம் என்று என் மனம் முணுமுணுத்தது உண்மை. அவர் காப்பியை ஊற்றிக் கொடுத்து, கடலைக் காட்டி, எங்கே இறங்குவாய் என்று கேட்டார். அலைகள் குறைவாக இருந்த ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் ஒரு காய்ந்த தேங்காயை எடுத்து நான் காட்டிய இடத்தில் எறிந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கடலுக்குள் சென்று, சிறிது நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போனது. நெய்தல் அண்ணன் எழுதிய கருத்த பட்டை அதுதான். நான் அதைப் படித்திருந்தேன், நினைவிலும் வைத்திருந்தேன், ஆனாலும் கண் அமைதியான இடத்தையே தேர்ந்தது. அன்று முழுவதும் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குப் பிறகு நீர் வற்றியபோது அந்தப் பட்டை இடம் மாறுவதையும் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று தணிந்து, கொடி மஞ்சளாக மாறியது. ஒன்பது அடி நீல நிறப் பலகை. முதல் நாற்பது நிமிடம் மணலிலேயே பயிற்சி. பலகையின் நடுக்கோட்டில் படுத்து, கால்விரல் நுனி வால்பகுதியைத் தொட, கைகளை விலாவின் பக்கத்தில் ஊன்றி, மார்பை உயர்த்தி, ஒரே வீச்சில் இரு கால்களையும் உடலுக்கு அடியில் கொண்டு வர வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் முழங்காலை ஊன்றியே எழுந்தேன். முழங்காலில் நின்றால் அங்கேயே நின்றுவிடுவாய் என்று அவர் விடாமல் திருத்தினார்.

நீருக்குள் சென்றதும் கற்றவை எல்லாம் வேறாகிவிட்டன. ஆலையில் நீராவி அழுத்தத்தோடு அன்றாடம் வாழ்பவன் நான். நுரை நீருக்கு இவ்வளவு வலிமை இருக்கும் என்று எண்ணியதில்லை. அலையில் நீர் முன்னோக்கி ஓடி வருகிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். உடையாத அலையில் நீர்த்துளி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே வட்டமிட, ஆற்றல் மட்டுமே பயணம் செய்கிறது. அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு அது வந்ததும், அடிப்பகுதி தரையில் தேங்க, மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. அந்தக் கணத்தில்தான் நீர் உண்மையாகவே முன்னோக்கிப் பாய்கிறது. பயிற்றுநர் பலகையின் வாலைப் பிடித்துச் சரியான நேரத்தில் விடும்போது, யாரோ பின்னாலிருந்து தோளைப் பற்றித் தூக்கியதுபோல் இருந்தது.

முதல் பத்து முறையும் விழுந்தேன். சிலமுறை பலகையின் மூக்கு நீரில் குத்தியது, நான் முன்னால் தள்ளிப் படுத்திருந்ததால். சிலமுறை காலைப் பார்த்ததால் கவிழ்ந்தேன். பார்வை எங்கே போகிறதோ உடல் அங்கே போகிறது. கரையில் நிற்கும் தென்னை மரத்தைப் பார் என்று அவர் சொன்னார். பதினொன்றோ பன்னிரண்டோ சரியாக நினைவில்லை, அந்த முறை தென்னையைப் பார்த்துக்கொண்டே எழுந்தேன். கால்கள் இரண்டும் பலகையில் இருந்தன. கரை என்னை நோக்கி வந்தது. நான்கு விநாடிகூட இருக்காது. நீர் முழங்காலுக்குக் கீழே வற்றியதும் பலகையை விட்டு இறங்கினேன். கண்ணில் நீர் வந்ததை மறைக்கவில்லை.

அன்று மாலை தாயாரிடம் தொலைபேசியில் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கிணற்றில் விட்டிருக்கலாம் உன்னை என்றார்.

நெய்தல் | பாசிர் கூடாங் | டிசம்பர் 15

நான்கு விநாடியைவிட, சனிக்கிழமை முழுவதும் மணலில் உட்கார்ந்திருந்ததே எனக்கு மகிழ்ச்சி தருகிறது, தம்பி. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது ஊருக்கு வந்திருந்தேன். ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்த போட்டி அது. வீரர்கள் நீரில் இறங்கும் முன் கரையில் நின்று வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டனார் நிற்பதைப் போலவே இருந்தது.

அடுத்த முறை தாங்கள் உடையாத அலைக்குச் செல்லும் நிலை வந்தால், முதலில் வழிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அலை முதலில் உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. மற்றவர் குறுக்கே ஏறக் கூடாது. காயங்கள் பல இதை மீறுவதால்தான் ஏற்படுகின்றன.

ரெங்கம் ஆசிரியை | டிசம்பர் 16

தம்பி, தங்கள் பதிவை என் பேத்தி எனக்குப் படித்துக் காட்டினாள். தேங்காய் எறிந்த பகுதியை இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னேன்.

அந்தப் பெரிய பையன் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நீந்தத் தெரியாது என்பதற்காகக் கடலைத் தடுத்தோம். நீச்சலையும் கற்றுத் தராமல் விட்டால், நாம் காணாத நாளில் அவர்கள் தாங்களாகவே போவார்கள். குட்டைக்குப் போன என் மாணவனையும் யாரும் அழைத்துச் செல்லவில்லை. இருவருடைய பெற்றோரிடமும் நான் பேசுகிறேன். அவர்களில் ஒருவர் என்னிடம் படித்தவர்தான். பயிற்சிக் கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். ஞாயிறுதோறும் குளுவாங்குக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டு வந்து விடும் பொறுப்பைத் தாங்கள் ஏற்க முடியுமா?

பால்மரம் | பாலோ | டிசம்பர் 16

தம்பிக்கு ஆலையில் ஞாயிறு வேலை விழுந்தால் நான் அழைத்துச் செல்கிறேன்.

செம்பனை ஆலை | ரெங்கம் | மார்ச் 9

இந்த இழையை மீண்டும் திறப்பதற்கு மன்னிக்கவும். பத்து ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துவிட்டன. மூத்தவன் நிற்காமல் 100 மீட்டர் நீந்துகிறான். இளையவன் 50 மீட்டரில் இருக்கிறான், ஆனால் கைகால் அசைக்காமல் பத்து நிமிடம் மிதக்கக் கற்றது அவன்தான் முதலில். கடலுக்கு 200 மீட்டரும், உடையோடு மிதப்பதும் தேவை என்று ஆசிரியை அம்மா அளவு வைத்திருக்கிறார். வாடை ஓய்ந்து வருவதால் இந்தப் பருவம் முடிந்தது, இனி நவம்பர்தான்.

நேற்று பயிற்சி முடிந்ததும், கயிற்றை எந்தக் காலில் கட்டுவது என்று மூத்தவன் கேட்டான். நிற்கச் சொல்லி, அவன் எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து முதுகில் மெல்லத் தள்ளினேன். விழாமல் இருக்க வலது காலை முன்னால் வைத்தான். அப்படியானால் பலகையில் அவனுக்கு வலது கால் முன்னால் நிற்கும். கயிறு இடது காலுக்கு. இளையவனும் தன்னைத் தள்ளச் சொல்லி வரிசையில் வந்து நின்றான்.